பெங்களூரு வேலையை மறுத்துவிடலாமா? ஒரு கோவை இன்ஜினியருக்குப் பதில்

உங்கள் நிலைமையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு வயது 27. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைன் இன்ஜினியராகச் சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகிறது. சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஒரு வருடத்தில் செலவிடும் மொத்தத் தொகை, 7.2 லட்சம். கல்லூரி நண்பர் ரெஃபர் செய்ததில், பெங்களூருவில் ஒரு இன்ஜினியரிங் சர்வீஸ் நிறுவனம் 10.8 லட்சத்துக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது. இரண்டு வருட பாண்ட் உண்டு, நடுவில் விலகினால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு 62 வயது, இரண்டு வருடம் முன்பு ஆஞ்சியோபிளாஸ்டி ஆனவர். ஒன்றரை மடங்கு சம்பளத்தை யாராவது விடுவார்களா என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, உங்களுக்கு மட்டும் மனது ஒட்டவில்லை. மறுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது இருக்கிற வடிவில் மறுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் மறுப்பதற்கு முன்னால் நான்கைந்து விஷயங்களை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பல வருடம் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: ஆஃபர் கொடுத்த நாளிலிருந்து நீங்கள் சேருகிற நாள் வரைதான் ஒரு நிறுவனம் உங்களிடம் மிக நன்றாக நடந்துகொள்ளும் காலம். அப்போது உங்களை அவர்களுக்குத் தேவை. அந்தச் சமயத்திலேயே ஒரு நியாயமான கேள்விக்கு எழுத்தில் பதில் வராது, "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று போனில்தான் வரும் என்றால், சேர்ந்த பிறகு அதைவிட நல்ல பதில் கிடைக்கப் போவதில்லை.

முதலில் பணம், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 10.8 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 90,000. உங்கள் அம்மாவும் மாமாவும் மனதில் வைத்திருக்கும் தொகை அதுதான். உங்கள் கைக்கு வரப்போவது அது இல்லை. நீங்கள் கொடுத்த பிரிவுகளை வைத்தே கணக்குப் போடுகிறேன். பேசிக் மாதம் 45,000, வருடத்துக்கு 5.4 லட்சம். அதில் 12 சதவீதம் நிறுவனம் கட்டும் பிஎஃப், வருடத்துக்கு 64,800. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், கிட்டத்தட்ட 26,000. வேரியபிள் பே, அதாவது கூடவோ குறையவோ செய்யும் பகுதி, 1,08,000. இன்சூரன்ஸ் பிரீமியம் என்று 18,000. இவை எல்லாம் சிடிசிக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றைக் கழித்தால் மாதச் சம்பளமாக வருவது சுமார் 71,900. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 5,400, கர்நாடகத் தொழில் வரி 200 போனால் 66,300 பக்கம் நிற்கும். வருமான வரி வராது. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அந்தக் கவலையை விடுங்கள்.

இப்போது கோவைச் சம்பளம். 7.2 லட்சத்தில் நிறுவனத்தின் பிஎஃப் 43,200, கிராஜுவிட்டி சுமார் 17,300. வேரியபிள் கிடையாது, இன்சூரன்ஸ் பிரீமியத்தை நிறுவனமே சிடிசிக்கு வெளியே கட்டுகிறது. உங்கள் பிஎஃப் பங்கும் தொழில் வரியும் போகக் கையில் வருவது 51,000 சொச்சம். ஆக வித்தியாசம் மாதம் ஏறத்தாழ 15,000. வேரியபிள் முழுதாக வந்தால் இன்னொரு 9,000 சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது முழுதாக வருமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிஎஃப் கணக்கில் மாதம் 3,600 கூடுதலாகச் சேரும், அது உங்கள் சேமிப்புதான், மறுக்கவில்லை.

இந்த 15,000 ரூபாயை பெங்களூரு எப்படி வாங்கிக்கொள்ளும் என்று உங்கள் நண்பரிடமே கேளுங்கள். இன்று நீங்கள் பீளமேட்டில் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள், மதியச் சாப்பாடு நிறுவன கேன்டீனில். வைட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி பக்கம் சுமாரான பிஜியில் தனி அறை எடுத்தாலே இந்த வித்தியாசம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். தனி வீடு என்றால் வாடகை இன்னும் கூடும், அட்வான்ஸ் என்று பல மாத வாடகையை ஒரேயடியாகக் கேட்பார்கள். அப்பாவைப் பார்க்க மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோகிற செலவும் உண்டு. வந்தே பாரத் வந்ததிலிருந்து கோவை போக ஆறரை மணி நேரம்தான் என்றாலும், டிக்கெட் விலை ஸ்லீப்பர் கிளாஸ் விலை இல்லை. அறையைப் பகிர்ந்துகொண்டு சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். எப்படிப் பார்த்தாலும், வீட்டில் பேசிக்கொள்ளும் "ஒன்றரை மடங்கு" உங்கள் வங்கிக் கணக்கில் தெரியாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கும்.

அடுத்தது இன்சூரன்ஸ். உங்கள் விஷயத்தில் சம்பளத்தைவிட இதுதான் கனமானது என்று நினைக்கிறேன். இப்போதைய நிறுவனத்தின் குரூப் பாலிசியில் அப்பா அம்மா இருவரும் இருக்கிறார்கள். குரூப் பாலிசிகளில் பொதுவாக ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருக்கும். ஸ்டென்ட் வைத்த 62 வயதுக்காரருக்கு வெளியில் தனியாக பாலிசி எடுக்கப் போனால், முதலில் கொடுப்பார்களா என்பதே கேள்வி. கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தது, அவ்வளவுதான். புதிய ஆஃபரில் "குடும்பக் காப்பீடு" என்று மட்டும் போட்டிருக்கிறது. இந்த வார்த்தையை நம்பாதீர்கள். பல நிறுவனங்களில் குடும்பம் என்றால் மனைவி, குழந்தைகள் மட்டும்தான். கல்யாணம் ஆகாத உங்களுக்கு அது நீங்கள் ஒருவர் மட்டும். பெற்றோர் உண்டா, உண்டென்றால் பிரீமியம் யார் கட்டுவது, எத்தனை லட்சம், முதல் நாளிலிருந்தா, செலவில் எத்தனை சதவீதம் நாம் போட வேண்டும், இதய சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெற்றோர் இல்லை என்று பதில் வந்தால், என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு காரணமே மறுக்கப் போதும். இன்னொரு தடவை ஆஞ்சியோ, ஐசியு என்று வந்தால், வருடம் முழுக்க மிச்சம் பிடித்ததைவிட அதிகமான பில் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

கிராஜுவிட்டியையும் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும் என்பது விதி. ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு வருடமாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரம் ஆறு நாள் ஓடும் ஃபேக்டரிக்கு இந்த 240 நாள் கணக்கு. அதாவது 4 வருடம் 8 மாதம் ஆனால் நீங்கள் கேட்கலாம். கணக்கு இப்படி: கடைசி பேசிக் 30,000, அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, ஐந்து வருடத்தால் பெருக்கினால் சுமார் 86,500 ரூபாய். இன்றே ராஜினாமா கொடுத்து 90 நாள் நோட்டீஸ் முடித்தால் 4 வருடம் 6 மாதத்தில் வெளியே வருவீர்கள். இரண்டு மாத வித்தியாசத்தில் அந்தத் தொகை கைநழுவிவிடும். சில நிறுவனங்கள் இந்த 240 நாள் தீர்ப்பை ஏற்றுத் தருகின்றன, சில முழு ஐந்து வருடம் கேட்டு இழுக்கின்றன. உங்கள் எச்ஆரில் இதற்கு முன் விலகியவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று சத்தமில்லாமல் விசாரியுங்கள். புதிய இடம் சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளித் தர மறுத்தால், 86,500ஐயும் உங்கள் இழப்புக் கணக்கில் எழுதுங்கள்.

பிஎஃப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். யுஏஎன் எனும் பிஎஃப் எண் எங்கே போனாலும் ஒன்றுதான், மாற்றிக்கொள்ளலாம், இடையில் எடுக்காமல் இருந்தால் சரி.

பாண்ட் விஷயத்தில் நண்பர்கள் "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போடு" என்று சொல்லியிருப்பார்கள். இதை நம்பிப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, ஆளெடுப்பதற்கு விளம்பரம், தேர்வு என்று அவர்களுக்கு ஆகும் செலவு வேறு மாதிரி. தனியார் நிறுவனம் என்றால் தனக்கு உண்மையில் என்ன இழப்பு என்பதைக் காட்ட வேண்டிவரும், எழுதிய தொகை முழுதும் கிடைத்தே தீரும் என்றும் இல்லை. ஆனாலும் வழக்கு வரைக்கும் போகாமலேயே ரிலீவிங் லெட்டரை (பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) பிடித்துவைத்து உங்களை மடக்க அவர்களால் முடியும். அதனால் பாண்ட் போடும் இடத்தில் நீங்கள் கேட்க வேண்டியது: எதற்கு இந்த ஒன்றரை லட்சம்? என்ன பயிற்சி, எத்தனை வாரம், எங்கே? ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ மூன்று மாதம் அனுப்பிச் சொல்லித்தருகிறார்கள் என்றால் பாண்ட் நியாயம், நானே கையெழுத்துப் போடச் சொல்வேன். நான்கு வருட அனுபவம் உள்ளவரை எடுத்து, அடுத்த வாரமே பிராஜெக்ட்டில் உட்கார வைத்துவிட்டு பாண்ட் கேட்டால், அங்கே ஆட்கள் நிற்பதில்லை என்று அர்த்தம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னால் மேற்கொண்டு ஒரு பேச்சும் வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

இனி வேலை. நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் சொல்லி முடித்த இடம் இது, எனக்கு அதிகம் உறுத்தியதும் இதுதான். இன்டர்வியூவில் பழைய 2டி டிராயிங்கை 3டி மாடலாக மாற்றுவது, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) போடுவது பற்றி மட்டும்தான் கேட்டார்கள், பம்ப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஃபர் லெட்டரில் "சீனியர் டிசைன் இன்ஜினியர்" என்று இருக்கலாம். ஒரு நிறுவனம் இன்டர்வியூவில் எதைக் கேட்கிறதோ அந்த வேலைக்குத்தான் ஆள் தேடுகிறது.

இன்று கோவையில் நீங்கள் செய்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை வரைகிறீர்கள், பேட்டர்ன் கடையில் போய் நிற்கிறீர்கள், ஃபவுண்டரியில் (வார்ப்பு ஆலை) காஸ்டிங்கில் ஓட்டை விழுந்தால் ஏன் என்று பேசுகிறீர்கள், கடைசியில் டெஸ்ட் பெட்டில் ஹெட் (ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீர் அளவு), கரன்ட் மூன்றையும் பார்த்து, வரைந்தது சரியா என்று அன்றே தெரிந்துகொள்கிறீர்கள். வரைந்தவனே சோதித்தும் பார்க்கிற வாய்ப்பு பெரிய நிறுவனங்களில் பத்து வருட அனுபவக்காரர்களுக்கே கிடைப்பதில்லை. அங்கே ஒருவர் மாடல் மட்டும், ஒருவர் அனாலிசிஸ் மட்டும், ஒருவர் டிராயிங் செக்கிங் மட்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று வருடம் மாடல் கன்வர்ஷன் மட்டும் செய்துவிட்டு வெளியே வந்தால், உங்கள் ரெஸ்யூமே ஒரு சாஃப்ட்வேர் ஓட்டத் தெரிந்தவரின் ரெஸ்யூமேவாக மாறியிருக்கும். 30 வயதில் அதைத் திருப்புவது கஷ்டம்.

அதற்காக இருக்கிற இடமே சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. வருடம் ஆறு, ஏழு சதவீத இன்கிரிமென்ட், முதலாளி குடும்பத்துக்குக் கீழே ஓர் எல்லைக்கு மேல் பதவி கிடையாது, சிஎஃப்டி (திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும்) சாஃப்ட்வேர் வாங்கித் தரச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டும் நடக்கவில்லை என்கிறீர்கள். இவை எல்லாம் கிளம்புவதற்கு உண்மையான காரணங்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: கிளம்ப வேண்டும் என்பது வேறு, இந்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பது வேறு. முதலாவது சரியாகவே இருக்கலாம். அதனால் இரண்டாவதும் சரியாகிவிடாது. பம்ப், மோட்டார், வால்வ் துறையில் உங்கள் அனுபவத்துக்கு மதிப்புத் தெரிந்த நிறுவனங்கள் கோவையிலேயே உண்டு, சென்னையிலும் புனேயிலும் உண்டு. அங்கே நடக்கும் இன்டர்வியூவில் இம்பெல்லர் ட்ரிம்மிங் பற்றிக் கேட்பார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்றே எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். ஆஃபருக்கு நன்றி, முடிவெடுக்க இந்த விவரங்கள் தேவை, அடுத்த புதன்கிழமை வரை நேரம் வேண்டும், அவ்வளவுதான். கேட்க வேண்டியவை: கடந்த இரண்டு வருடம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், பெற்றோருக்கு இன்சூரன்ஸ் உண்டா, பாண்டுக்குக் காரணமான பயிற்சி என்ன, சேரும் தேதியைத் தள்ளலாமா, முதல் வருடம் எந்த பிராஜெக்ட். கூடவே, நேரடியாக யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்களோ அவரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரிடம் ஒரு கேள்வி தவறாமல் கேளுங்கள்: இது புதிய இடமா, யாராவது விலகியதால் வந்த இடமா? விலகியது என்றால், எத்தனை மாதம் இருந்தார்? இதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லும் மேலாளரிடம் தைரியமாகப் போகலாம்.

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மீதி வீட்டிலிருந்து என்று இன்டர்வியூவில் வாயால் சொன்னதை நம்பி, "கோவையிலிருந்தே பாதி வேலை பார்க்கலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். நிறுவனங்கள் அதை எந்த மாதமும் மாற்றலாம். 2023 அக்டோபரில் டிசிஎஸ் தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது நினைவிருக்கும்.

"வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்ற அவசரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்கு ரவுண்டு இன்டர்வியூ நடத்தி, சம்பளம் பேசி, அப்ரூவல் வாங்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்த எச்ஆர், சில நாள் கூடுதலாகக் கேட்டதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க விரும்பமாட்டார். நடுவில் கன்சல்டன்சி யாராவது இருந்தால் அவர்களுடைய அவசரம் தனி. நீங்கள் சேர்ந்து சில மாதம் நின்றால்தான் அவர்களுக்குக் கமிஷன், பல இடங்களில் அது உங்கள் ஒரு மாதச் சம்பள அளவு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் உங்கள் அப்பாவின் இன்சூரன்ஸ் அவர்கள் கவலை இல்லை.

எல்லாப் பதிலும் திருப்தியாக வந்தால்? பெற்றோர் இன்சூரன்ஸ் எழுத்தில் உறுதியாகி, பாண்ட் நீங்கி, முதல் பிராஜெக்ட் உண்மையான டிசைன் வேலையாக இருந்தால், போங்கள். அப்போது கையில் பெரிதாக மிஞ்சாவிட்டாலும் பரவாயில்லை, 27 வயதில் ஒரு பெரிய நிறுவனத்தின் நடைமுறைகளைக் கற்றுக்கொள்வது லாபம்தான். ஒன்று மட்டும்: கையெழுத்தான அப்பாயின்ட்மென்ட் லெட்டரும் உறுதியான சேரும் தேதியும் கையில் வரும் வரை இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்துக் காத்திருக்க வைத்த ஃப்ரெஷர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேர முடியுமா என்று கேட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படிச் செய்யும் என்றால், ஆஃபரை மட்டும் நம்பிப் படகை எரிக்கக் கூடாது.

இந்த ஆஃபரைக் காட்டி இப்போதைய முதலாளியிடம் சம்பளம் ஏற்றிக் கேட்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கேட்டதைக் கொடுத்தாலும் "இவன் கிளம்பப் பார்த்தவன்" என்ற எண்ணம் குடும்ப நிறுவனத்தில் சீக்கிரம் போகாது. கொடுக்காவிட்டால், போக விருப்பமில்லாத இடத்துக்கு ரோஷத்தில் போகவேண்டி வரும். மறுத்த பிறகு, ஆஃபர் என்ற பேச்சே எடுக்காமல், இந்த வருடம் நீங்கள் டிசைன் செய்து சந்தைக்குப் போன மாடல்களை எழுதிக்கொண்டு போய்ச் சம்பளமும் சிஎஃப்டியும் கேளுங்கள். அதற்கு வலு அதிகம்.

மறுப்பதாக முடிவானால் இழுக்காதீர்கள். எச்ஆருக்கு முதலில் போன், அப்புறம் மூன்று வரி மெயில்: ஆஃபருக்கு நன்றி, யோசித்துப் பார்த்ததில் இப்போது ஏற்க முடியாத நிலை, உங்கள் நேரத்துக்கு நன்றி. காரணம் கேட்டால் குடும்பச் சூழ்நிலை என்றோ, தேடுகிற வேலை வேறு மாதிரி என்றோ உண்மையில் ஒரு பகுதியைச் சொன்னால் போதும், பொய் வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கதை கட்டாதீர்கள். அதே எச்ஆர் இரண்டு வருடம் கழித்து வேறு நிறுவனத்திலிருந்து உங்களைக் கூப்பிடலாம், இந்தத் துறை அவ்வளவு சின்னது. சம்பளத்தை ஏற்றித் தருகிறோம் என்று திரும்ப வந்தால், பெற்றோர் இன்சூரன்ஸும் வேலையின் தன்மையும் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். மாறாவிட்டால் அதே பதில்தான். போனை எடுக்காமல் இருப்பது, சேருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தத் தேதியில் போகாமல் இருப்பது இரண்டையும் செய்யவே கூடாது. அதுதான் உங்கள் பெயரைக் கெடுக்கும். மறுப்பதால் பெயர் கெடாது, வாரத்துக்கு இரண்டு பேர் மறுப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எச்ஆருக்குப் போன் செய்வதற்கு முந்தின நாள் உங்கள் நண்பரிடம் பேசிவிடுங்கள். அவர் தன் பெயரைச் சொல்லி உங்களை ரெஃபர் செய்திருக்கிறார், ரெஃபரல் போனஸ்கூட எதிர்பார்த்திருக்கலாம். நீங்கள் மறுத்த செய்தியை அவருடைய மேனேஜர் வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது. மேலே போட்ட கணக்கை அவரிடமும் காட்டுங்கள். அங்கேயே இருப்பவர் என்பதால், நான் வாடகையிலோ வேலையிலோ எங்காவது தப்பாகக் கணித்திருந்தால் அவர்தான் முதலில் சொல்வார்.